எல்ஸ்பெத்தும் டூகலும் மலையில் வழி தவறிய சனிக்கிழமை

ஸ்ட்ராத்பெக் ஊரில் எல்ஸ்பெத் ராட்ரேயைப் பற்றி யாராவது பேச்செடுத்தால், அது கடைசியில் ஒரே கேள்வியில்தான் போய் முடியும். விவாகரத்து ஆன புருஷனோடு சனிக்கிழமை தவறாமல் மலை ஏறுகிறாளே, இது என்ன உறவு? பதினெட்டு வருஷமாக அவள் பள்ளிப் பேருந்து ஓட்டினாள். மலையடிவாரத்துப் பண்ணைகளில் கிடக்கும் பிள்ளைகளை, ரோடு கண்ணாடியாக உறைந்த காலையிலும், ஒரு கீறல் விழாமல் கொண்டுவந்து சேர்த்தாள். அதைப் பற்றி யாரும் பேசவில்லை. டூகலைப் பற்றி மட்டும் பேசினார்கள்.

டூகல் மரம் அறுக்கும் ஆலையில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவன். நெட்டை ஆள். இருபத்துச் சொச்சம் வருஷம் மில் ரோட்டில் அவளோடு குடும்பம் நடத்தினான். பிள்ளைகள் இல்லை. பெரிய சண்டை என்று எதுவும் கிடையாது. அவனுக்கு ஜன்னல் திறந்திருக்க வேண்டும், அவளுக்கு மூடியிருக்க வேண்டும். அவன் சாப்பிடும்போது பேசுவான், அவள் பேசமாட்டாள். இப்படியே சின்னச் சின்னதாகச் சேர்ந்து, ஒரு நாள் இருவருமே அலுத்துப்போய்க் கையெழுத்துப் போட்டுப் பிரிந்தார்கள். அடுத்த வருஷமே அவன் நூலகத்தில் வேலை செய்யும் ரோனாவைக் கட்டிக்கொண்டான். வீடு கைமாறியது. எல்ஸ்பெத் தபால் நிலையத்துக்கு மேலே மாடிப் போர்ஷனுக்குக் குடிபோனாள்.

பிறகு ஓர் இலையுதிர்காலத்தில், மூடுபனிக்குள் ஒரு மலையுச்சிக் கல்குவியலுக்குப் பின்னால் காற்றுக்கு ஒதுங்கி உட்கார்ந்து அவள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, எதிர்ப்பக்கத்திலிருந்து ஏறிவந்த ஓர் உருவம் அவள் பக்கத்தில் உட்கார்ந்தது. டூகல்.

"உன் ஷூ கயிறு அவுந்திருக்கு" என்றாள் அவள். இரண்டு வருஷம் கழித்து அவள் அவனிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். இருவரும் சேர்ந்து இறங்கினார்கள். அடுத்த சனிக்கிழமை அவன் காரோடு வந்து தபால் நிலையத்துக்கு முன்னால் நின்றான்.

காரணம் ரொம்ப எளிது. இருவரின் நடையும் ஒரே வேகம். எல்ஸ்பெத் வேறு ஆட்களோடு போய்ப் பார்த்தாள். சிலர் ஓடினார்கள், சிலர் உருண்டார்கள். டூகலோடு போனால் மூச்சு ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். ரோனாவுக்கு மலை பிடிக்காது. அடுக்களை ஜன்னலிலிருந்து பார்த்தால் போதும் என்பாள். ஆனால் இரண்டு பேருக்கும் சேர்த்து ரொட்டிக்குள் பாலாடைக்கட்டியும் ஊறுகாயும் வைத்துப் பொட்டலம் கட்டித் தருவாள். அதைப் பிரித்துத் தின்னும்போதெல்லாம் எல்ஸ்பெத்துக்கு என்ன நினைப்பது என்று தெரியாது. ரொட்டி நன்றாகவே இருக்கும்.

அந்த ஜனவரி சனிக்கிழமை அவர்கள் பென் கார்வனுக்குப் போனார்கள். தென்மேற்குப் பக்கம் சாய்வான, மாடுகூட ஏறக்கூடிய மலை. வடகிழக்குப் பக்கம் வெட்டி எடுத்ததுபோலச் செங்குத்துப் பாறை. மேலே உச்சி என்று சொல்ல முடியாத அகலமான வெட்டவெளி. இருவருக்கும் பழகிய இடம்.

"காத்து மத்தியானத்துக்கு மேலதான் ஏறும்னு ரேடியோல சொன்னான்" என்றான் டூகல், கார் கதவைச் சாத்திக்கொண்டே.

"ரேடியோக்காரன் நம்மகூட வரானா?"

"நீ வேணா இங்கயே உக்காந்து பாட்டு கேளு. நான் போயிட்டு வரேன்."

"உன்ன தனியா விட்டா உச்சிய கண்டுபிடிக்கவே வசந்தகாலம் ஆயிடும்."

அவன் சிரித்தான். போனைக் காரிலேயே விட்டுவிட்டான். மலையில் போன் மணி கேட்டால் பாவம் என்பது அவன் கட்சி. எல்ஸ்பெத் தன் போனை மேலங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். புது உறை போட்ட போன், மூடினால் டக்கென்று காந்தம்போல ஒட்டிக்கொள்ளும். அதே பைக்குள்தான் திசைகாட்டியும் கிடந்தது. அதை அவள் பொருட்படுத்தவே இல்லை.

ஏற்றத்தில் டூகல் வேகமாக நடந்தான். கம்பளிச் சட்டைக்குள் வேர்த்து ஊற்றியது. "மேல்சட்டைய கழட்டிட்டு நட. உள்ள நனைஞ்சா அப்புறம் வெறைச்சுப் போவ" என்று அவள் இரண்டு தடவை சொன்னாள். "அம்மா, தாயே, வீட்லதான் இத கேட்டு கேட்டு காது புளிச்சது" என்றான் அவன். அதற்கு மேல் சொல்ல அவளுக்கு உரிமை இருக்கிறதா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது.

பனி தொடங்கும் இடத்தைத் தாண்டியதும் காலணிகளில் இரும்பு முட்களை மாட்டிக்கொண்டார்கள். உச்சிக் கல்குவியலைத் தொடும்வரை வானம் வெளுப்பாகத்தான் இருந்தது. தொட்டுத் திரும்புவதற்குள் மேகம் இறங்கிவிட்டது. காற்றும் ரேடியோக்காரன் சொன்ன நேரத்துக்குக் காத்திருக்கவில்லை. தரையில் கிடந்த பனியை அள்ளி முகத்தில் எறிந்தது. வானமும் தரையும் ஒரே வெள்ளையாகிவிட்டன. எல்ஸ்பெத் குனிந்து பார்த்தாள். தன் காலணி தெரிந்தது, அது எதன்மேல் நிற்கிறது என்பது தெரியவில்லை. ஓர் அடி எடுத்து வைத்தால் மேடா பள்ளமா என்று கால் பட்ட பிறகுதான் விளங்கியது. அசையாமல் நின்றபோதும் தான் எங்கேயோ சறுக்கிக்கொண்டு போவதுபோலத் தலை சுற்றியது.

"தென்மேற்கு" என்று கத்தினான் டூகல். திசைகாட்டியைப் பிடித்துத் திருப்புவதற்காக வலது கையுறையைக் கழற்றிப் பல்லில் கவ்விக்கொண்டான். வாயைத் திறந்து ஏதோ சொல்லப் போனான். கையுறை போய்விட்டது. எந்தப் பக்கம் பறந்தது என்றுகூட இருவருக்கும் தெரியவில்லை.

"இப்படித்தான்" என்று கையைக் காட்டினான்.

எல்ஸ்பெத் தன்னுடையதை எடுத்துப் பார்த்தாள். "அது வடகிழக்கு. பாறைப் பக்கம். இப்படித்தான்" என்று நேர் எதிர்த் திசையைக் காட்டினாள்.

இரண்டு திசைகாட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஒன்றின் சிவப்பு முள் ஒரு பக்கம், மற்றதன் சிவப்பு முள் அதற்கு நேர் எதிர்ப் பக்கம். இருபத்துச் சொச்சம் வருஷக் குடும்பத்தில்கூட அவர்கள் இவ்வளவு நேரெதிராக நின்றதில்லை.

"உன்னுது கெட்டுப் போச்சு" என்றான் அவன்.

"உன்னுது எங்க அப்பா காலத்துது. என்னுது போன வருஷம் வாங்கினது."

"காத்து எந்தப் பக்கத்துலேருந்து வருது?"

காற்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்தது. அவள் போனை எடுத்துப் பார்த்தாள். குளிரில் அது எப்போதோ செத்துப்போயிருந்தது.

அவன் தோளைக் குலுக்கினான். அந்த நேரத்தில் அவன் வாதாடியிருக்க வேண்டும். டூகல் எதையும் வாதாடாமல் விட்டவனில்லை. "சரி, உன் இஷ்டம்" என்றான். எல்ஸ்பெத் அதைத் தன் வெற்றி என்று எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். குளிர் ஏற்கனவே அவன் வாயை அடைக்கத் தொடங்கிவிட்டது என்பது அவள் மண்டையில் ஏறவில்லை.

எவ்வளவு நேரம் நடந்தார்கள் என்று பிறகு யாராலும் சொல்ல முடியவில்லை. தரை கீழே இறங்கியே ஆக வேண்டும், இறங்கவில்லை. லேசாக ஏறுகிறதோ என்றுகூட அவளுக்குத் தோன்றியது. ஏறுவதற்கு இங்கே என்ன இருக்கிறது என்று யோசித்தாள். யோசனை கம்பளிநூல்போலச் சிக்கிக்கொண்டது. அப்போது, ஏன் என்று தெரியாமலே, நின்றாள். குனிந்து ஒரு கை பனியை உருட்டி முன்னால் எறிந்தாள். வெள்ளை இருட்டில் நடப்பவர்கள் செய்வதுதான். உருண்டை தரையில் விழுந்தால் ஒரு புள்ளியாவது தெரியும்.

உருண்டை போயிற்று. எங்கேயும் விழவில்லை.

இன்னொன்று எறிந்தாள், இன்னும் பக்கத்தில். அதுவும் விழவில்லை.

காற்று பாறை விளிம்புக்கு வெளியே நீட்டிக் கட்டி வைத்திருக்கும் பனிக்கூரைமேல் தாங்கள் நிற்கிறோம் என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. மெதுவாக மண்டி போட்டாள். "டூகல், அசையாத. அப்படியே பின்னால வா. உன் காலடி மேலயே வை."

"ஏன்?"

"கேக்காம வாயேன்."

தவழ்ந்தே பின்வாங்கினார்கள். போதும் என்று தோன்றியபோது அவள் பனியில் குப்புறப் படுத்து மூச்சு வாங்கினாள். பாறை வடகிழக்கில் இருக்கிறது. பாறைக்கு வந்துவிட்டோம். அப்படியென்றால் பொய் சொல்வது தன் திசைகாட்டி. இதை ஒரு தடவைக்கு மூன்று தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் நடுவில் ஏதோ ஒரு படி விட்டுப்போனது. கடைசியில் தன் திசைகாட்டியை முதுகுப்பைக்குள் அடியில் போட்டாள்.

"உன்னுத குடு" என்றாள். "நீ சொன்னதுதான் சரி. சந்தோஷமா?"

திரும்பிப் பார்த்தாள். டூகல் பனியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கையுறை இல்லாத கையை மடியில் வைத்து, அது யாருடைய கை என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எல்ஸி" என்றான். அந்தப் பெயரில் அவன் கூப்பிட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. நாக்கு தடித்துக் குழறியது. "அடுப்ப அணைச்சியா?"

"எந்த அடுப்பு?"

"எந்த அடுப்பா? மில் ரோட்டு வீட்ல எத்தன அடுப்பு இருக்கு நமக்கு?"

கிண்டல் செய்கிறான் என்றுதான் முதலில் நினைத்தாள். மலையில் சிக்கினால் அவன் இப்படி எதையாவது உளறிச் சிரிக்க வைப்பவன்தான். "போதும்பா, எழுந்திரு" என்றாள். அவன் எழுந்திருக்கவில்லை. கிண்டலும் செய்யவில்லை. அவன் நடுங்கவும் இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தாள். கொஞ்ச நேரம் முன்புவரை பல் தந்தியடித்துக்கொண்டிருந்தவன். நடுக்கம் நின்றால் ஆபத்து என்பது அவளுக்குத் தெரியும். குளிரில் ஆட்கள் போய்ச் சேர்வது இப்படித்தான்.

முதுகுப்பையிலிருந்து, குளிருக்கு ஆள் நுழைந்து ஒண்டும் பெரிய ஆரஞ்சு நிற உறைப்பையை உதறி விரித்து அவனை அதற்குள் திணித்தாள், தானும் பக்கத்தில் நுழைந்தாள். ஈரக் கம்பளியைக் கழற்றித் தன்னிடம் இருந்த உலர்ந்த சட்டையை மாட்டினாள். அறுபது வயது ஆம்பளைக்குச் சட்டை மாட்டுவது சுலபமா? அவன் கை ஒரு பக்கம் போனால் சட்டை ஒரு பக்கம் போனது. உறைந்த கையை எடுத்துத் தன் அக்குளில் வைத்துக்கொண்டாள். பனிக்கட்டியை வைத்ததுபோல இருந்தது. பிளாஸ்கில் மிச்சமிருந்த டீயில் சர்க்கரை மிட்டாய்களைப் போட்டுக் கரைத்து, அவன் விழுங்குகிறானா என்று பார்த்துப் பார்த்து வாய் வாயாக ஊற்றினாள்.

"ரொம்ப நல்லவ நீ" என்றான் அவன். "இவ்வளவு நாள் எங்க போயிருந்த?"

நான் எங்கேயும் போகவில்லை, நீதான் போனாய் என்று சொல்வதா? இல்லை, இருவரும் சேர்ந்துதான் போனோம் என்பதா? "கடைக்கு" என்றாள்.

"ஆங்" என்றான் அவன், திருப்தியாக.

பைக்குள் கொஞ்சம் சூடு ஏறியதும் அவன் மறுபடி நடுங்க ஆரம்பித்தான். அந்த நடுக்கத்தைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்தது. அதற்கு மேல் உட்கார முடியாது, வெளிச்சம் சாம்பலாகிக்கொண்டிருந்தது. அவனை எழுப்பினாள். தன் கழுத்துத் துண்டை அவன் கையில் சுற்றிக் கட்டி, அவன் முதுகுப்பை வாரைத் தன் மணிக்கட்டில் முடிந்துகொண்டாள். டூகலின் பழைய திசைகாட்டி அவள் கையில்.

"வா, வீட்டுக்குப் போவோம்."

"அடுப்பு?"

"அணைச்சிட்டேன். ஜன்னல் மட்டும் தொறந்தே இருக்கு."

"அப்ப சரி" என்று அவன் நடந்தான்.

அப்படித்தான் அவனை இறக்கினாள். நின்றுவிட்டால் மில் ரோட்டு வீட்டைச் சொல்வாள். கோழி அடைக்கணும் என்பாள், உன் அண்ணன் வந்து காத்திருக்கான் என்பாள். அந்த அண்ணன் செத்துப் பல காலம். அவன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டு, இன்னும் பத்தடி, இன்னும் இருபதடி என்று வந்தான். தரை இறங்கத் தொடங்கியது. முதலில் அவள் நம்பவில்லை. பிறகு பனிக்குள்ளிருந்து புதர்ச்செடியின் கறுத்த தலைகள் எட்டிப்பார்த்தன. திசை சரிதான்.

அப்போதுதான் அவன் அதைச் சொன்னான். மேகத்துக்குக் கீழே வந்து, பள்ளத்தாக்கு ஒரு கீற்றாகத் தெரிந்த இடத்தில், சட்டென்று நின்று அவள் முகத்தை நேராகப் பார்த்தான்.

"அந்தப் பொண்ணு ரோனா இருக்காளே, ரொம்ப நல்ல பொண்ணு. அவகிட்ட நீயே சொல்லிடேன். நான் வரலன்னு."

"எங்க வரல?"

"சொல்லிடு, எல்ஸி. எனக்குச் சொல்ல வாய் வரல."

"எங்கடா வரல?"

அவன் திரும்பிக் கீழே நடந்தான்.

காட்டுப் பாதைக்கு அவர்கள் வந்து சேர்ந்தபோது, அந்திக்குள் வீடு திரும்பவில்லை என்று ரோனா சொல்லி அனுப்பியிருந்த மீட்புக் குழுவினர் எதிரே வந்துகொண்டிருந்தார்கள். விளக்குகள், கம்பளிகள், ஒரு வண்டி. குழுவில் இருந்த தாடிக்காரன் எல்ஸ்பெத்திடம், "இவர் உங்க வீட்டுக்காரரா?" என்று கேட்டான். அவள் "ஆமா" என்றாள். "இல்ல" என்றாள். "இருந்தாரு" என்றாள். அவன் அவளுக்கும் குளிர் அடித்திருக்கிறது என்று முடிவு செய்து இன்னொரு கம்பளியைப் போர்த்திவிட்டான்.

டூகல் பிழைத்துக்கொண்டான். வலது கையில் சுண்டுவிரல் நுனியையும் அடுத்த விரல் நுனியையும் டாக்டர்கள் எடுத்தார்கள். உச்சியில் கல்குவியலைத் தொட்டது வரைதான் அவனுக்கு நினைவிருந்தது. பனிக்கூரை, உறைப்பை, அடுப்பு எதுவும் இல்லை. "நான் ரொம்பப் படுத்திட்டேனா?" என்று கேட்டான். "எப்பவும்போலத்தான்" என்றாள் எல்ஸ்பெத்.

எல்ஸ்பெத்தின் திசைகாட்டி ஏன் தலைகீழாகிப் போனது என்று அந்தத் தாடிக்காரன் விளக்கினான். போன் உறைக் காந்தத்தோடு ஒரே பையில் கிடந்தால் முள் புரண்டுவிடுமாம். இப்போது அடிக்கடி நடக்கிறதாம். அவளுக்கு அது புரிந்தது. புரியாதது வேறு. குளிர் ஒரு மனுஷன் மூளையில் இல்லாததைப் புகுத்துமா, உள்ளே இருந்ததை வெளியே கொண்டுவருமா? பேருந்து ஓட்டும்போது இதையே நினைத்து ஒரு பண்ணை வாசலில் நிறுத்தாமல் தாண்டிப்போய்விட்டாள். பின்னால் பிள்ளைகள் கத்திய பிறகுதான் பிரேக் போட்டாள்.

இரண்டு வாரம் கழித்து ரோனா மாடிப்படி ஏறி வந்தாள். எல்ஸ்பெத்தைவிடப் பத்து வயது இளையவள், குட்டையாக, எப்போதும் மன்னிப்புக் கேட்பதுபோல நிற்பவள். டீ ஆறும்வரை வானிலையைப் பற்றிப் பேசினாள்.

பிறகு, "மேல வச்சு அவரு ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டாள்.

"அடுப்ப அணைச்சியான்னு கேட்டான்."

ரோனா சிரித்துவிட்டாள். "என்னையும் கேப்பாரு. கார் தெருமுனை தாண்டாது, அதுக்குள்ள கேட்டுடுவாரு. எங்களுது கரண்ட் அடுப்பு, தானாவே அணைஞ்சுடும். இருந்தாலும் கேப்பாரு." சிரிப்பு மெல்ல நின்றது. "வேற ஒண்ணும் சொல்லலியா?"

எல்ஸ்பெத் மேஜைத்துணியின் ஓரத்தை நீவினாள். சொல்லாமல் விடலாம். விட்டால் அந்த வார்த்தை தன்னிடமே கிடக்கும். இவள் கட்டிக் கொடுக்கும் ரொட்டியை இனி எப்படித் தின்பது?

"உங்கிட்ட சொல்லச் சொன்னான். அவன் வரலன்னு."

ரோனாவின் முகம் வெளுத்தது. "எங்க வரலன்னு?"

"நானும் அதத்தான் கேட்டேன். ரெண்டு தடவ கேட்டேன். பதில் சொல்லல."

தெருவில் ஒரு பனி வாரும் வண்டி உறுமிக்கொண்டு போனது.

"அன்னைக்கு ராத்திரி எங்க அண்ணன் வீட்ல விருந்து" என்றாள் ரோனா மெல்ல. "அண்ணன் பிறந்த நாள். இவருக்கு அவங்க வீட்டுப் பக்கம் போகவே பிடிக்காது. காலைல கிளம்பும்போதுகூட முகத்தத் தூக்கி வச்சுக்கிட்டுதான் போனாரு. அதச் சொல்லியிருப்பாரோ?"

"இருக்கலாம்."

"இருக்கலாம்தானே?"

"அப்படித்தான் இருக்கும்" என்றாள் எல்ஸ்பெத். சொன்னதும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. இறங்கிய இடம் வெறிச்சென்றும் இருந்தது. அவன் வரவில்லை என்றது விருந்துக்கா, ரோனாவிடமேவா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. ரோனாவுக்கும் பிடிபடவில்லை என்பது அவள் எழுந்து கோட்டின் பொத்தானைத் தப்பாக மாட்டியதில் தெரிந்தது. எல்ஸ்பெத் அதைக் கழற்றிச் சரியாக மாட்டிவிட்டாள். வாசல்வரை போன ரோனா திரும்பி வந்து அவளைக் கட்டிக்கொண்டு போனாள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க எல்ஸ்பெத் ஆற்றோரப் பாதையில் தனியாக நடந்தாள். டூகல் வரமாட்டான், ரோனா விடமாட்டாள் என்று ஊர் சொன்னது. ஈஸ்டர் முடிந்த ஒரு சனிக்கிழமை அவன் கார் தபால் நிலையத்துக்கு முன்னால் வந்து நின்றது. பின் இருக்கையில் ரோனா உட்கார்ந்திருந்தாள், புதுக் காலணி போட்டுக்கொண்டு, விலைச்சீட்டைக்கூடக் கிழிக்காமல்.

"இவளும் வரேங்குறா" என்றான் டூகல். "ஏன்னு கேட்டா சொல்லமாட்டேங்குறா."

"சும்மாதான்" என்றாள் ரோனா.

எல்ஸ்பெத் முன் இருக்கையில் ஏறுவதா பின்னால் ஏறுவதா என்று நடைபாதையில் நின்று யோசித்தாள். பின்னால் ஏறி ரோனாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பெரிய மலைக்குப் போகவில்லை; செம்மறிகள் மேயும் ஒரு குன்று. ரோனா ரொம்ப மெதுவாக நடந்தாள். பழக்கத்தில் மற்ற இருவரும் முன்னால் போய்விடுவார்கள், பிறகு நினைவு வந்து நிற்பார்கள். பாதி ஏறியதும் மேற்கே கறுத்து மழை இறங்கியது. மேலே போகலாமா என்று மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் ரோனாதான் முதலில் திரும்பிக் கீழே நடந்தாள். டூகலும் எல்ஸ்பெத்தும், எந்த வாதமும் இல்லாமல், அவள் பின்னால் இறங்கினார்கள்.